சுத்த சைவச் சோஸ்

"மீன் மணக்குது" என்றார் கனகசபாபதி, சோஸ் சட்டியைக் கிண்டிய அகப்பையை அப்படியே நிறுத்தி.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடி அது. கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். கடற்காற்றாக இருக்கும் என்று மனைவி கனகேஸ்வரி சொல்லிப் பார்த்தாள். அவர் பார்வையோ அப்போதுதான் படியேறி வந்து நின்ற சிறிலின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

சிறில் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பையன். மகள் கௌரியோடு ஒரே வங்கியில் வேலை பார்ப்பவன். கல்யாணம் கட்டப் போகிறோம் என்று இருவரும் வந்து நின்ற அன்று கனகசபாபதி கோபப்படவில்லை. கோபப்பட்டால் சாதி சமயம் பார்க்கிற ஆள் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். அவரோ கொழும்பில் நாற்பது வருடம் இருந்து நாகரிகமானவர்.

"சமயமெல்லாம் எனக்குப் பிரச்சினையில்லைத் தம்பி. கடவுள் ஒருத்தர்தான். ஆனா எங்கட வீடு சைவம். ஆறு மாசம் மீன் இறைச்சி வாயில படாம இருந்து காட்டும். பிறகு கட்டித் தாறன்" என்று வாக்குக் கொடுத்தார். கொட்டாஞ்சேனை ஆள் ஆறு வாரம்கூடத் தாங்க மாட்டான் என்ற துணிச்சல்தான்.

அந்த ஆறு மாதம் நேற்றோடு முடிந்தது. பையன் பதில் கேட்க வந்திருக்கிறான்.

கனகசபாபதி தீட்சை கேட்டுச் சைவமாகி முப்பத்தொரு வருடம். அதற்கு முன் அவர் நண்டுக் காலை உறிஞ்சும் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் என்பார்கள். அந்தக் கதையை இப்போது வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

இன்று குடியிருப்போரின் ஒன்றுகூடல். மற்றவர்கள் ஒரு மூலையில் கோழி சுட்டார்கள். இவர் எதிர்மூலையில் சைவ அடுப்பு போட்டு அன்னாசியும் காளானும் சுட்டார். சிரட்டைக்கரி தனி, இடுக்கி தனி, சோஸ் பூசுகிற தூரிகையும் தனி.

சோஸையும் அவரே காய்ச்சினார். கடையில் விற்கிற பார்பிகியூ சோஸில் என்ன கிடக்கிறதோ, யார் கண்டது. கித்துள் பனைப் பாணி, வினாகிரி, அரைத்த கடுகு என்று ஒவ்வொரு போத்தலின் லேபலையும் பூதக்கண்ணாடி பிடித்து வாசித்த பிறகே சட்டியில் விட்டார். வூஸ்டர் சோஸுக்கு மட்டும் அந்தச் சோதனை இல்லை. அவர் வேலை பார்த்த கோட்டைக் கம்பனியில் வெள்ளைக்காரத் துரையின் சாப்பாட்டு மேசையில் தினமும் நின்ற போத்தல் அது. துரைமாரைச் சந்தேகப்படுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

காலையிலிருந்து பத்துத் தடவையாவது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டியிருந்தார்.

"தம்பி, வரேக்க எங்கயாவது சாப்பிட்டனீரோ?"

"இல்ல அங்கிள். வீட்டுலதான், சோறும் பருப்பும்."

"அம்மா மீன் சமைக்கிறவவோ?"

"அவங்க சமைப்பாங்க. நான் தொடுறதில்ல."

"பின்ன எங்கயிருந்து இந்த மணம் வருது?"

கோழி சுட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கௌரி வந்து சிறிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கனகசபாபதிக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோசம். பொறி வைத்து ஆறு மாதம் காத்திருந்தவர் அல்லவா.

"எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ" என்று குரலை உயர்த்தினார். "மீன் வாயில பட்ட ஆள் இந்தக் குடும்பத்துக்குச் சரிவராது. அது ஆராயிருந்தாலும் சரி."

சிறில் மேசைப் பக்கம் போனான். சாப்பாட்டுக் கோப்பைகள் வைக்க இடம் வேண்டுமென்று மேசையில் கிடந்த போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் அடுக்கினான். ஒன்றை மட்டும் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்தான்.

கனகசபாபதி சோஸ் வழிய வழிய ஒரு துண்டு அன்னாசியைக் கோப்பையில் போட்டு நீட்டினார். இனி வரப்போகாத மாப்பிள்ளைக்கு ஒரு துண்டு அன்னாசி கொடுப்பதில் அவருக்கு நட்டமில்லை.

"சாப்பிட்டிட்டுப் போம்."

சிறில் கோப்பையை வாங்கி அப்படியே மேசையில் வைத்தான். "சோஸ் பூசாத துண்டு இருந்தா தாங்க அங்கிள்."

கனகசபாபதிக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. காலையிலிருந்து கை நோகக் கிண்டிய சோஸ் அது.

"பாத்தியே கௌரி? சுத்த சைவமாக் காய்ச்சினது இவருக்குத் தொண்டைக்குள்ள இறங்குதில்லை. ஆறு மாசம் இருந்தவராம்." அகப்பை நிறைய அள்ளித் தன் வாயில் ஊற்றி, எல்லோரும் பார்க்க விழுங்கினார். "நானே குடிக்கிறன். உமக்கு மட்டும் என்ன வந்தது?"

சிறில் வூஸ்டர் சோஸ் போத்தலை எடுத்து, பின்பக்க லேபல் தெரியத் திருப்பி, பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் பணிவாக வைத்தான்.

"இதுல நெத்தலி போட்டிருக்கு அங்கிள், நான் மீன் விட்டு ஆறு மாசம்."