கொடி பறக்கும் பக்கம்

பல் தேய்த்து, நேற்றைய சட்டையையே போட்டுக்கொண்டு, அவன் ஒன்பது மணிக்கு அலுவலக வரைமேசையில் உட்காருகிறான். புதிதாக வரைந்த அரசு முத்திரை ஏழாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. பழைய முத்திரையில் படகின் பாய் வலப்பக்கம் உப்பியிருக்கும். கொடி இடப்பக்கம் பறக்கும். அவன் கொடியைத் திருப்பி வரைந்திருந்தான். அதைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்கள். "பழசுல இருக்கறபடியே போடுப்பா. நூறு வருஷமா எவனுக்கும் தெரியாத தப்பு, உன் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்!" என்கிறார் மேலாளர். "எனக்கு எங்க சார் தெரிஞ்சுது? என் பொண்டாட்டிதான் சொன்னா." மூன்று மாதத்துக்கு முன் அவள் சாவுக்கு வந்திருந்த மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "மத்தியானம் அச்சுக்குப் போகணும்." அவன் பிளேடால் கொடியைச் சுரண்டுகிறான். மை போகவில்லை, தாள்தான் பிசிறுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பழைய முத்திரையின் படத்தைத் தூக்கிப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க அவள் கடைசியாகக் கேட்டாள்: "ஏங்க, காத்து ரெண்டு பக்கமும் அடிச்சா படகு எங்கதான் போகும்?"