ஆர்லிஸ் ரூஸ்டாட் செத்த தேதி

"இன்னொரு தடவை தேடுங்க" என்று வந்தவள் மேஜையைத் தட்டினாள்.

பதிவாளர் பொனிட்டா மூன்றாம் முறையாகத் தேடினாள். ஆர்லிஸ் ரூஸ்டாட், வயது இருபத்தாறு, 1989 அக்டோபர். இல்லை. அதற்கு முந்தின மாதத்திலும் இல்லை, பிந்தின மாதத்திலும் இல்லை.

"பேப்பர்ல வந்திருக்கு. உங்ககிட்ட மட்டும் எப்படி இல்லாமப் போகும்?"

அவள் நீட்டியது உள்ளூர் வாரப் பத்திரிகையின் பழைய மரண அறிவிப்பு. விவசாயி வெர்லின் ரூஸ்டாடின் அன்பு மனைவி, மாநிலத் தலைநகர் மருத்துவமனையில் காய்ச்சலால் காலமானார். அடக்கம் அங்கேயே முடிந்தது. துயரத்தில் வாடுவோர்: கணவர், மூன்று வயது மகள் மாரிட்.

"பேப்பருக்கு என்னம்மா, எழுதிக் குடுத்தா போட்டுடுவாங்க. மாநிலத்துல எந்த மூலையில யார் செத்தாலும் இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்தாகணும். டாக்டர் கையெழுத்து இல்லாம என்கிட்ட ஒரு ஈகூடச் சாக முடியாது."

"அதத்தான் எழுதித் தாங்க. இல்லைன்னு முத்திரை போட்டு."

பொனிட்டா ஒரு மனுவை நகர்த்தினாள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்ற இடத்தில் பேனாவை வந்தவள் அழுத்திய அழுத்தலில் தாள் கிழிந்தது.

'நானேதான்.'

பொனிட்டா அதைப் படித்தாள். நிமிர்ந்து ஆளைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"உங்க சாவுக்கு நான் உருளைக்கிழங்கும் கறியும் வேகவச்சு எடுத்துட்டுப் போனேனே!"

"தின்னானா?"

"பாத்திரத்தைக்கூடத் திருப்பிக் குடுக்கல."

"குடுக்க மாட்டான்" என்றாள் ஆர்லிஸ்.

அந்த அக்டோபரில் அவள் வெர்லின் உடைத்த தாடையோடு தனியாக பஸ் ஏறினாள். குழந்தையைக் கையில் தூக்கியபோதுதான் அவன் துப்பாக்கியை எடுத்தான். திரும்பி வந்தால் முதல் குண்டு குழந்தைக்கு என்றான். சொன்னதைச் செய்கிற ஆள். எங்கோ ஒரு கடலோர ஊரில், வேறு பெயரில், மீன் சுத்தம் செய்து அவள் காலத்தை ஓட்டினாள்.

வியாழக்கிழமை தவறாமல் அந்த ஊர் நூலகத்துக்குப் போய் கணினியில் இந்த மாவட்டத்தின் மரண அறிவிப்புகளைத் திறந்து பார்ப்பாள். அவன் பெயர் வருகிறதா என்று. எத்தனையோ நல்லவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவன் குத்துக்கல் மாதிரி இருந்தான்.

போன வாரம்தான் வந்தது. அரைப் பக்கம். நல்ல விவசாயி, நல்ல தகப்பன், தேவாலயத்தின் தூண், தூக்கத்திலேயே அமைதியாக உயிர் பிரிந்தது. படிக்கப் படிக்க அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த நாய்க்கா தூக்கத்தில் சாவு? அடியில் ஒரு வரி: மனைவி ஆர்லிஸ் அவருக்கு முன்பே காலமானார். செத்தும் அவன் புத்தி போகவில்லை என்று திட்டிக்கொண்டே பழைய பக்கங்களைத் தோண்டினாள். அதில்தான் தன் சாவைக் கண்டெடுத்தாள். இரண்டு நாள் விடாமல் கார் ஓட்டி வந்திருக்கிறாள்.

"என் பொண்ணு வாசல்ல போய் நிக்கணும். செத்தவ வந்து நின்னா யாரு கதவத் திறப்பா? கையில ஒரு காகிதமாவது வேணாமா? டைப் அடிங்க!"

பொனிட்டா டைப் அடிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தாள்.

"இந்தக் கடிதத்த ஏற்கெனவே ஒருத்திக்குக் குடுத்துட்டேன். இதோ நகல். பதினெட்டு வயசு முடிஞ்ச மறுநாளே வந்து நின்னா மாரிட். அம்மா எந்த ஆஸ்பத்திரியில செத்தாங்கன்னு கேட்டா. தேடிட்டு, அப்படி ஒரு சாவே இல்லம்மான்னு சொன்னேன்."

நகலில் முத்திரை இருந்தது. 2004.

ஆர்லிஸ் நகலைக் கையில் வாங்கினாள். அப்படியானால் மகளுக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும்.

"என்ன சொன்னா?"

"சாகலைன்னா ஏன் வரலன்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்? பத்து வருஷம் உங்க பேர எங்கெங்கயோ தேடினா. அப்புறம் விட்டுட்டா."

பேரை மாற்றிக்கொண்டவளை எந்தப் பதிவில் தேடுவது? ஆர்லிஸின் கோபம் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்தவன் மேலேயே பாய்ந்தது.

"தெரிஞ்ச பொண்ண வச்சுக்கிட்டே அந்தப் பாவி நான் செத்துட்டேன்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கான் பாருங்க!"

பொனிட்டா கண்ணாடியைக் கழற்றினாள்.

"அவரு எழுதலம்மா. கடைசி ரெண்டு வருஷம் அவருக்குப் பேச்சே இல்ல. போன வாரம் வந்த அறிவிப்ப மாரிட்தான் எழுதினா. தேதியெல்லாம் சரியான்னு பாக்க முதல்ல இங்கதான் கொண்டுவந்தா. அம்மா வரிய எடுத்துடுன்னு நான் சொன்னேன்."

"எடுத்தாளா?"

"தெரிஞ்சுதான் எழுதினேன், அப்படியே இருக்கட்டும்னுட்டா."