மூன்றாவது குழாய்

"இந்தத் தடவையும் கலங்கியிருந்தா பல்லைப் பிடுங்கிர வேண்டியதுதான் கண்ணு. வேற வழியில்லை."

இதைச் சொல்லும்போது பல் டாக்டர் அருணாசலம் பொன்னாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. தை பிறந்தால் அவளுக்குக் கல்யாணம். சொத்தை விழுந்ததோ முன்பல்லில்.

"மலையில போய் வேரைக் குடைஞ்சிக்கிட்டு இருக்காதீங்க. குறடு எதுக்கு இருக்கு?" என்று சேலத்தில் பெரிய டாக்டர் கேலி செய்திருந்தார். அருணாசலத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாராவாரம் மலையேறி, தேவனூர் நாடு என்ற மலையூரில் பொன்னாயி வீட்டு வாசலிலேயே பெட்டியைத் திறந்தார். வேர்க்குழியை மெல்லிய ஊசியால் சுரண்டி மருந்து வைத்தார்.

குழி சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. காகிதத் திரி ஒன்றைக் குழிக்குள் விட்டு எடுத்து, கறிச்சாறு ஊற்றிய கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைப்பார். கிருமி மிச்சமிருந்தால் சாறு கலங்கும். அதற்கு இதமான சூடு வேண்டும். மலையில் சூட்டுப் பெட்டிக்கு எங்கே போவது? பொன்னாயிதான் குழாயை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள். கிருமிக் கதையெல்லாம் அவளுக்கு எதற்கு என்று, "தெளிவா இருந்தா பல்லை அடைச்சிருவேன், கலங்கினா அடைக்க முடியாது" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டு வாரமும் அரிசி கழுவிய தண்ணீராகத்தான் வந்தது. இது மூன்றாவது குழாய்.

"ஏறி வந்த களைப்பு. மொதல்ல தண்ணி குடிங்க" என்று பொன்னாயி சொம்பை நீட்டினாள்.

ஐப்பசி மழையில் ஓடையெல்லாம் செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. சொம்புத் தண்ணீரோ பளிங்காக இருந்தது. ஒரே மூச்சில் குடித்தார்.

அவள் மடியை அவிழ்த்து, குழாயைக் குலுங்காமல் எடுத்துக் கொடுத்தாள். அருணாசலம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிவு. அடியில் மட்டும் துளி வண்டல். கறிச்சாறென்றால் அது இருக்கும்தானே.

"ஜெயிச்சிட்டோம் கண்ணு."

வேர்க்குழியை நிதானமாக அடைத்தார். மேலே சிமெண்ட் பூசி, அது இறுகும்வரை காத்திருந்தார். பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டுமென்று குழாயைப் பஞ்சு சுற்றிப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார்.

"இனி பல்லு போவாதுங்களா?"

"போகாது. கல்யாணத்துக்குச் சிரிச்சிக்கிட்டே உட்காரு."

பொன்னாயி பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு வாரமா இது எனக்குத் தோணவேயில்லீங்க."

"எது?"

"நேத்தும் அது கலங்கித்தானுங்க கெடந்துச்சு. மறுக்காவும் நீங்க மொகம் வாடிப் போவீங்களேன்னு, குடிக்கிற தண்ணிக்கு ஒரசற தேத்தாங்கொட்டைய அதுலயும் துளி ஒரசி உட்டேனுங்க. காலையில பாத்தா, இப்ப நீங்க குடிச்சீங்களே, அந்தத் தண்ணியாட்டமே தெளிஞ்சிருச்சு."