கூப்பிட்ட குரலுக்கு

கதவைத் தட்டிய பெரியவர், விடுமுறைக்கு வந்திருந்த கணவனும் மனைவியும் திறந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசலில் சரிந்தார்.

"யாருன்னே தெரியலையே!" மனைவி அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். சுற்றியிருந்த விடுமுறை வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. "ஆள் நடமாட்டமே இல்லாத இடம்தான் வேணும்னு அடம்பிடிச்சீங்களே, கிடைச்சுதா?"

கணவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். நிலத்துக்குள் புகுந்திருந்த கடலின் எதிர்க்கரையில் அந்த வெள்ளைக் கட்டிடம் கண்ணுக்கே தெரிந்தது.

"எதிர்க்கரை விடுமுறை வீட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புங்க மேடம்!"

"அங்க ரோடே கிடையாதே சார். நீங்க எப்படி வந்தீங்க?"

"நண்பர் படகுல. இறக்கிவிட்டுட்டு நேத்தே போயிட்டார். உங்க படகை அனுப்புங்க!"

"எங்க படகு பெருசு. இப்ப தண்ணி வத்துற நேரம், மணல்ல தட்டி நின்னுடும்."

"கண்ணு சொருகுதுங்க! என்னதான் பண்றது?"

"பதறாதீங்க. உங்க கரையிலயே ஒரு படகுக்காரர் இருக்கார். சின்னப் படகுதான், ஆனா எந்தத் தண்ணியிலயும் கொண்டாந்து சேர்த்துடுவார். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார், தங்கமான மனுஷன். லைன்லயே இருங்க, இன்னொரு போன்ல கூப்பிடறேன்."

கணவன் பெரியவரின் கையைப் பற்றினான். "இதோ படகு வந்துடும் ஐயா. கொஞ்சம் தாங்கிக்குங்க."

பெரியவர் ஏதோ சொல்ல உதட்டை அசைத்தார். குரல் வரவில்லை.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

மனைவி எடுத்துப் பார்த்தாள். திரையில் 'ஆஸ்பத்திரி' என்று இருந்தது.

"ரிங் போகுது சார்," என்றது கணவனின் காதில் அந்தக் குரல். "எடுத்துடுவார், கவலைப்படாதீங்க."