இரண்டு பொதி மண்

1996. பாறசாலை ஞானதாஸ் கொடுத்தனுப்பிய இரண்டு பொதி மண்ணின் பரிசோதனை முடிவோடு, கல்லூரி ஆராய்ச்சி மாணவி லேகா அவர் வீட்டுக்கு வந்திருந்தாள்.

“ஒரு பொதியில காட்மியம் ரொம்பக் கூடுதல், மாமா. உரத்துல இருந்து வாற விஷமாக்கும். கிட்னியைக் கெடுக்கும்.”

ஞானதாஸ் அசரவில்லை. “அது வாழைத்தோட்டத்து மண்ணாயிருக்கும். மூட்டை மூட்டையா உரம் போட்ட இடமாக்கும். அந்தக் குலை எல்லாம் சந்தைக்குப் போவுது. நாங்க தொடமாட்டோம்.”

லேகா முடிவுத்தாளை அவர் பக்கம் நீட்டினாள். “அதுல குறைவுதான். கூடுதல் உள்ளது வீட்டுக்குப் பின்னால உள்ள கீரைப்பாத்தியில.”

“அங்க ஒரு பிடி உரம் போட்டதில்ல, மக்கா! நெய்யாத்துல இருந்து சேறு மட்டும் சுமந்து கொண்டுவந்து போட்டேன்.”

“எல்லா வயல் உரமும் மழையில ஒழுகி, அந்தச் சேத்துலதானே மாமா படியுது?”

ஞானதாஸ் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே அவர் மனைவி சத்தியபாய், பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்குச் சோறு விளம்பிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் கீரை தின்னு மக்கா. உனக்குண்ணு அப்பா தனியா நட்டதாக்கும்.”

ஞானதாஸ் அடுக்களை வாசல்வரை ஓடிப்போய் நின்றார். மூன்று மாதமாகத் தானே பறித்துக் கொடுத்த கீரையை, இப்போது என்ன சொல்லிப் பிடுங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.