முதுகு காட்டி நின்ற கார்

போலீஸ் கார் இன்றைக்கும் அங்கேதான் நின்றது.

கிள்ளானில் அந்தச் சின்னக் கிளினிக்குக்கு நேர் எதிரே, வேப்பமரத்தடியில். போதைப் பழக்கத்தை விட வருகிறவர்களுக்கு அங்கே தினமும் காலையில் மருந்து கொடுப்பார்கள். வந்தவர்கள் அதைக் குடித்துவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவார்கள்.

திட்டம் உருப்படியாக நடக்கிறதா என்று பார்த்து எழுத வந்தவள் எவலின். அவள் எழுதுவதை வைத்துத்தான் அடுத்த வருஷம் மருந்து உண்டா இல்லையா என்று முடிவாகும். கையில் கேள்வித்தாள், கண்ணில் எரிச்சல்.

"இந்தக் கார் எத்தனை நாளா நிக்குது, புனிதா?"

"ரொம்ப நாளா நிக்குது மேடம்" என்றாள் நர்ஸ். "போலீஸ் சார்ஜன் சபாபதிதான் வந்து நிக்கிறாரு. ஏன்னு தெரியல. ஒண்ணும் பேசமாட்டாரு, பாவம்."

பாவமாவது! நேராக நின்றால் நாலு பேர் கேட்பார்கள் என்று, வாசலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். உள்ளே உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்கிறார். பக்கத்துக் கண்ணாடியில் யார் யார் வருகிறார்கள் என்று நோட்டம் பார்க்கிறாராக்கும். எவலின் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினாள்.

"சார்ஜன், இங்க வர்றவங்க எல்லாம் பேஷன்ட். கள்ளனுங்க இல்ல."

"தெரியும் மேடம்."

"போலீஸ் காரைப் பார்த்தா பயந்து திரும்பிப் போயிடுவாங்க. எந்த ஆராய்ச்சியை எடுத்தாலும் அப்படித்தான் எழுதியிருக்கு."

"யாரும் திரும்பிப் போகலையே மேடம்."

"பயந்துகிட்டே வர்றாங்க! உங்களுக்கு மாசக் கடைசியில நாலு பேரைப் பிடிச்சுக் கணக்குக் காட்டணும், அவ்வளவுதானே?"

சபாபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ரொட்டிப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

"மேல இருந்து சொன்னா போயிடறேன் மேடம்."

மேலே எழுதிப் போட்டாள் எவலின். பதில் சீக்கிரமே வந்தது. கார் போனது.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தன் வீட்டில் அன்று ராத்திரி சாப்பிடும்போது கணவனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பாவப்பட்ட ஜனங்களுக்கு நம்மால் ஒரு நல்லது நடந்ததே என்று உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அடுத்த மாதம் மறுபடி வந்தபோது கிளினிக் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

"எங்க எல்லாரும்?"

"வர்றது குறைஞ்சுபோச்சு மேடம்" என்றாள் புனிதா. "கிரிகரி அண்ணே தெரியும்ல, எப்பவும் முதல் ஆளா வந்து நிப்பாரே, லோரி ஓட்டுவாரு. அவரே வர்றதில்ல. போன் பண்ணினாலும் எடுக்கல."

பயம் இன்னும் தெளியவில்லை என்று எவலின் முடிவு கட்டிவிட்டாள். நேரில் போய்த் தைரியம் சொல்லலாம் என்று அவர் இருக்கும் பிளாட்டைத் தேடிப் போனாள்.

கதவைத் திறந்தது கிரிகரியின் மனைவி சாந்தமேரி. உள்ளே பாயில் கிரிகரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல மேடம். திரும்ப ஆரம்பிச்சுட்டாரு." சாந்தமேரியின் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல் அது.

"போலீஸ் பயம்தானே? அந்தக் கார் இப்ப இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க. தைரியமா வரலாம்."

சாந்தமேரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அந்தக் கார் போனதுதான் மேடம் வினையே. போதைப் பொட்டலம் விக்கிறவனுக்குக் கிளினிக் வாசலைவிட நல்ல இடம் எங்க கிடைக்கும்? விட்டவங்க எல்லாம் ஒரே இடத்துக்கு வர்றாங்கல்ல. மோட்டார் சைக்கிள்ல உக்காந்துகிட்டு, 'அண்ணே, இன்னிக்குக் காசு வேணாம், சும்மா எடுத்துக்குங்க'ன்னு கூப்பிடுவான். மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவாரு?"

எவலின் பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை.

"கார் வர்றதுக்கு முந்தியும் இப்படித்தான். அதான் நாங்க பொம்பளைங்க நாலஞ்சு பேர் போலீஸ் பாலாய்க்குப் போயி சபாபதி சார்கிட்ட அழுதோம். 'ஒருத்தனைப் பிடிச்சா இன்னொருத்தன் வந்து நிப்பான்மா. நான் வந்து நின்னா எவனும் வரமாட்டான். சும்மா நின்னதுக்கு எனக்கு ஒரு பேரும் கிடைக்காது, பரவாயில்ல'ன்னாரு. போலீஸ் பார்த்தா எங்காளுங்க கூசிப்போவாங்களே சார்னு சொன்னோம். 'அப்ப முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறேன்'னாரு."

"இதை... இதை அவர் யார்கிட்டயும் சொல்லலையே?"

"சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டதே நாங்கதான். எங்க பேரு வெளிய வந்தா அந்தப் பய வீட்டுக்கே வந்துடுவான்லா."

சாந்தமேரி உள்ளே போய் ஒரு கிளாஸ் மைலோ கலக்கி எடுத்து வந்தாள். எவலின் கையில் கொடுத்துவிட்டு, கிரிகரிக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னாள்:

"அந்தக் காரைப் பத்தி யாரோ மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டுட்டாங்களாம். நீங்க ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்க, யாருன்னு கேட்டுச் சொல்லுங்க மேடம். திட்டமாட்டேன். அவங்க கால்ல விழுந்தாவது அந்தக் காரைத் திரும்ப வரவைக்கணும்."