ரகசியம் என்று போட்ட மெயில்

மெயிலை எழுதி முடித்தும் ஸ்டெல்லாவுக்கு அனுப்ப மனம் வரவில்லை. விஜியின் பெயர் இருந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெயரைப் போடாமலே எழுதிப் பார்த்தாள். நடக்கவில்லை. பாதிக்கப்பட்டவள் பெயர் இல்லாவிட்டால் ஆபீஸில் பெண்களின் புகாரை விசாரிக்கிற கமிட்டி எடுத்துக்கொள்ளாதாம்.

விஜி திருப்பத்தூர்ப் பெண். படிப்பு முடிந்த கையோடு வேலைக்கு வந்தவள், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜி விடுதியில் தங்கியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் மேனேஜரான சுதீர் தன்னைக் கேபினுக்குத் தனியாகக் கூப்பிட்டு நடந்துகொண்ட விதத்தை, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் ஸ்டெல்லாவிடம் சொன்னாள். வெளியே யாருக்கும் கேட்டுவிடக் கூடாதாம்.

"கமிட்டிக்கு மட்டும்னா என் பேரைப் போடுங்கக்கா. சாருக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது. வேலை போச்சுன்னா வீட்டுல அடுத்த மாசமே யாருக்காவது கட்டி வச்சிடுவாங்க."

ஸ்டெல்லா தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். இன்றைக்கு மதியமே அனுப்பிவிடுகிறேன் என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் இதே ஊரில், ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவள். தெருச் சண்டையை நடுவில் புகுந்து விலக்கிவிடுகிற வாய் அவளுக்கு. தன் விஷயமாக இருந்தால் சுதீரை நேராகவே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இந்தப் பெண்ணுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு முறைப்படி போனாள்.

முகவரிகளை மறுபடியும் பார்த்தாள். கமிட்டியின் தலைவி, உறுப்பினர்கள், கம்பெனிக்கு வெளியிலிருந்து வந்துபோகும் வக்கீலம்மா. சுதீரின் பெயர் எங்கும் இல்லை.

அப்படியும் மனசு ஆறவில்லை. மெயிலுக்கு மேலே 'கான்ஃபிடென்ஷியல்' என்று ஒரு பட்டன் இருந்தது. இருக்கட்டுமே, பூட்டுக்கு மேல் ஒரு பூட்டு என்று அதையும் அழுத்தினாள். நல்ல புத்திதான், யார் இல்லையென்றார்கள்.

கர்த்தரை நினைத்துக்கொண்டு அனுப்பினாள்.

மூச்சு விடுவதற்குள் ஒரு பதில் வந்தது. கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிற பதில். மெயில் போய்ச் சேர்ந்த தகவலாக்கும் என்று நினைத்துத்தான் பாவி மனுஷி அதைத் திறந்தாள்.

கான்ஃபிடென்ஷியல் என்று குறித்த மெயில் கம்பெனிக்கு வெளியே போவதால் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதாம். கம்பெனி ரகசியம் கசியக் கூடாது என்று ஒரு விதி. வக்கீலம்மாவின் முகவரி வெளி முகவரி. அந்தப் பட்டனை அழுத்தாமல் இருந்திருந்தால் நேரே போயிருக்கும்.

ஒப்புதலுக்காக மெயில் உங்கள் மேனேஜருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று கடைசியில் இருந்தது.

ஸ்டெல்லா அவசரமாக, அனுப்பிய மெயிலைத் தேடித் திறந்தாள். திரும்ப எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கண்ணாடிக் கேபினுக்குள் சுதீர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல் படித்தான். ஒரு தடவை மேலே போய் மறுபடியும் படித்தான். பிறகு எழுந்து வெளியே வந்தான்.

வரட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள் ஸ்டெல்லா. வேலை போனால் மயிரே போயிற்று, எல்லார் முன்னாலும் வைத்துக் கிழித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

சுதீர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி நடந்துபோய் விஜியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"விஜி, அஞ்சு நிமிஷம் உள்ள வாம்மா."

விஜி எழுந்தாள். போகிற வழியில் ஸ்டெல்லாவைப் பார்த்து, அனுப்பியாச்சா என்று கேட்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள்.

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அந்தக் கேபினுக்குள் அவள் பயமில்லாமல் போனாள்.